கழன்ற ஒயர்

ராசிபுரம் அருகே ரயிலை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பிவிடும் பாயிண்ட்டை நாள் முழுக்க வெயிலில் பழுது பார்த்துவிட்டு, பிரபா சோர்ந்து வீடு திரும்பினாள்.

“நம்ம பொம்மை ரயிலு பாயிண்ட் மறுபடி திரும்ப மாட்டேங்குது,” என்றான் கணவன் கதிர்வேல்.

“ஏனுங்க, ஊட்டுலயும் இதே வேலைங்களா?”

பொம்மை ரயில் ஓடும் பலகைக்கு அடியில் இருவரும் குனிந்தார்கள். அவள் மீட்டர் வைத்துப் பார்த்தாள். மோட்டார் நன்றாக இருந்தது, சுவிட்சும்தான். ஒரு ஒயர் மட்டும் கழன்று தொங்கியது. இந்த மாதத்தில் இது நான்காவது முறை.

“இது தானாக் கழலலீங்க. நீங்கதான் புடுங்கியிருக்கீங்க.”

கதிர்வேல் தலைகுனிந்தான். “வந்ததும் படுத்துக்கற. இது கெட்டாத்தான் பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசற.”

அவள் ஒயரை விரலால் முறுக்கி மாட்டினாள்.

“மொதத் தடவையே தெரியுமுங்க. ஈயம் வெச்சுப் பத்தவெச்சா உங்களால கழட்ட முடியாதுன்னுதான், வெறுமனே முறுக்கி உட்டுருக்கேன்.”