சிவப்பு ஜாடியின் ஜோடி

ரங்கூனிலிருந்து பூட்டனார் கொண்டுவந்த சிவப்புச் சீன ஜாடியில்தான் ஹெப்சியின் அம்மா வருஷாவருஷம் எலுமிச்சம்பழம் உப்பிலிடுவாள். உடுத்தியிருக்கும் சேலையிலேயே ஒரு துண்டு கிழித்து ஜாடியின் வாய்க்கு வேடு கட்டுவாள். வேறு துணி அவளுக்கு ஆகாது. அவள் இறந்து நாலு வருஷமாக ஜாடி காலியாகக் கிடந்தது.

சங்கரன்கோவில் பழைய சாமான் வியாபாரி ஞானரத்தினம் அதைத் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், சீனாவில இத கல்யாணச் சீரா ஜோடியாத்தான் குடுப்பாவ. இன்னொண்ணு எங்கன?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி. சனிக்கிழமை வந்து எடுத்துக்கிடுங்க" என்றாள் ஹெப்சி.

சனிக்கிழமை காலையில் அடுக்களையில் இரண்டு ஜாடிகள் இருந்தன. ஒன்று காலி. மற்றதற்கு வேடு கட்டியிருந்தது. ஹெப்சி அவிழ்த்தாள். உள்ளே எலுமிச்சம்பழம், உப்பு இன்னும் கரையவில்லை.

துணியை விரித்துப் பார்த்தாள். அம்மாவை அடக்கம் பண்ணும்போது தன் கையால் உடுத்திவிட்ட வெள்ளைச் சேலையின் அரக்குக் கரை.