இரட்டை விமானம்

தஞ்சாவூர் ராஜராஜனுக்குப் பழம்பொருள் வியாபாரம். பழம்பொருள் என்றால், போன மாதம் செய்து மண்ணில் புதைத்து எடுத்த பழம்பொருள். இத்தனை வருடத்தில் நிஜமான சாமான் ஒன்றுகூட அவன் கையில் சிக்கியதில்லை. இன்று சிக்கிவிட்டது!

கூத்தாநல்லூரில் சைத்தூன் பீவி வீட்டு ஹாலில், மடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே நூறு வருடத்துக்கு முந்தைய புகைப்பட அட்டைகள். முதன்முதலில் விமானம் ஓட்டிய மனிதர்கள். முறுக்கு மீசை, துணி இறக்கை, சைக்கிள் சக்கரம் வைத்த விமானம். ஒவ்வோர் அட்டையிலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு படங்கள். அதற்கென்று இருக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, விமானம் அப்படியே கண் முன்னால் எழும்பி நிற்கும். அந்தக் கண்ணாடி இந்த வீட்டில் எப்போதோ தொலைந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர்களும் இல்லை.

ராஜராஜனுக்குத் தெரியும். இதற்காகப் பாரிஸில் பழம்பொருள் சேர்க்கிற பணக்காரர் ஒருவர் தவம் கிடக்கிறார் என்பதும் தெரியும். இது மட்டும் கைக்கு வந்தால், போலிச் சிலைக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கௌரவமாக வாழலாம்.

"எங்க மாமனாரோட வாப்பா சைகோனுக்குக் கப்பலேறிச் சபுர் போயிட்டு வந்தப்ப கொண்டாந்தது தம்பி," என்றார் சைத்தூன் பீவி. "மன்னார்குடி அண்ணாதுரை சாரும் கேட்டிருக்காரு. நாளைக்கு வர்றேன்னாரு."

அண்ணாதுரை பக்காத் திருடன். தொழில் தெரிந்தவன் வேறு.

ராஜராஜன் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்க மனசு வரல. நல்லாப் பாருங்க. ஒரே படத்தை ரெண்டு தடவை அடிச்சு வச்சிருக்கான். அச்சுப் பிழை. எல்லா அட்டையிலயும் இதே கூத்து. இதுக்குப் போய் யாரு விலை குடுப்பா?"

பீவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா! இத்தனை நாளா கண்ணுல படலையே. அப்ப வேணாம் தம்பி. குறையுள்ள சாமானை விக்கிறது எங்க மார்க்கத்துல ஆகாது."

கதை கந்தல்! ராஜராஜன் பதறிப்போனான்.

"ஐயோ அக்கா, குறை தெரிஞ்சுதானே கேக்குறேன்? கடைச் சுவத்துல சும்மா மாட்டி வைக்கலாம்னுதான். இல்லன்னு சொல்லிடாதீங்க."

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும்! சரி, கேட்டு வந்தவங்களை வெறுங்கையா அனுப்பி எனக்கும் பழக்கமில்ல. குவைத்துல இருக்கற எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நாளைக்குக் காலையில வாங்க. உங்களுக்கு உண்டு."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். நீடாமங்கலம் ரயில்வே கேட் யாரை விட்டது? இரண்டு பக்கமும் லாரிகள் நிற்க, ஸ்டீயரிங்கைக் குத்திக் குத்திக் கை வலித்தது. கூத்தாநல்லூருக்குள் நுழையும்போது எதிரே அண்ணாதுரையின் கார் வேகமாகத் தாண்டிப் போனது. ராஜராஜனுக்கு உயிரே போய்விட்டது.

ஓடிப்போய் வாசலில் நின்றான். பீவி சிரித்த முகமாக அதே தகரப் பெட்டியை எடுத்து நீட்டினார். துணி சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது.

அண்ணாதுரை ஏமாந்தான்! சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, எங்கே மனசு மாறிவிடப் போகிறாரோ என்று காருக்குப் பறந்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஆசையாக முடிச்சை அவிழ்த்தான்.

எல்லா அட்டையும் நட்டநடுவில் வெட்டப்பட்டிருந்தது. இடப்பக்கப் படங்கள் மட்டும்தான் இருந்தன.

"அக்கா!" அலறிக்கொண்டே திரும்பி ஓடினான். "வெட்டிட்டீங்களா?"

"பின்ன, குறையோடவா குடுப்பேன்? ராத்திரியெல்லாம் யோசிச்சு, கத்தரிக்கோலால நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருக்கேன். இப்பப் பாருங்க, அட்டைக்கு ஒரே படம்தான்."

"மிச்சப் பாதி?"

"நீங்க சொன்ன அச்சுப் பிழை நல்லதாப் போச்சு தம்பி. இல்லன்னா அண்ணாதுரை சாருக்கு நான் என்னத்தைக் குடுத்திருப்பேன்?"