கேட்டில் ஒரு வளைகாப்பு

நிசப்த நகரைத் தேர்ந்தெடுத்தது நித்யகலாதான். ஒரே சாலை, ஒரே கேட், ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. யாராவது உள்ளே வந்து போகவோ, வெளியே போய் வரவோ, ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று முறைதான் கேட் திறக்கும். அந்த அமைதிக்காகவே அவளும் முரளியும் இரண்டு வருடம் காத்திருந்து வீடு வாங்கினார்கள்.

இந்த மாதத்தில் ஒரு திறப்பு ஏசி மெக்கானிக்குக்கும் இன்னொன்று ஸ்கேனுக்கும் போய்விட்டது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். மிச்சமிருந்த ஒன்றை வலி எடுத்தால் வேண்டுமென்று வைத்திருந்தார்கள். அதனால் வளைகாப்பு கேட்டிலேயே நடந்தது.

நித்யகலா இரண்டு கைகளையும் கேட்டின் இரு கதவுகளுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாக வெளியே நீட்டினாள். அம்மா சந்தனம் பூசினாள். அத்தையும் சித்தியும் மாமியாரும் சாலையில் வரிசையாக நின்று, ஆளுக்கு நாலு கண்ணாடி வளையல் போட்டார்கள்.

"போதும்மா, கை வலிக்குது."

கைகளை உள்ளே இழுத்தாள். வளையல்கள் கம்பியில் முட்டி நின்றன. இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"இன்னிக்குப் போட்ட வளையலக் கழட்டக் கூடாதுடி" என்றாள் சித்தி.

"அதுக்குக் கேட்டத் தொறக்கணும். தொறந்துட்டா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்றான் முரளி.

அம்மா வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்பி வழியாக உள்ளே கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் கிளம்பினார்கள்.

நித்யகலா அங்கேயே உட்கார்ந்து, தனக்குத் தானே வளையல் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் கடைசி வீடுவரை கேட்டது. அவ்வளவு அமைதியான இடம்.