காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" சாருலதா மறுபடியும் கேட்டாள்.

"இன்னா மேடம் பண்றது? பிரிண்டர் ஒயர் சொருவுற எடத்துல டிஸ்க்கை மாட்டிக்கீறேன். அது வழியாப் போனா மெதுவாத்தான் போவும். சாயங்காலம் ஆயிடும்" என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக் வலியுல்லா. சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தான்.

சாருலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்னா போயும் போயும் வேலை தெரியாத ஆளைப் பிடித்து வந்திருக்கிறாள்!

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது அவர்களுடைய டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர் என்று சாருலதாவும் ரத்னாவும் சேர்ந்து நடத்தியது. இப்போது பிரிகிறார்கள். ரத்னா அடையாறில் தனியாகக் கடை போடப் போகிறாள். கம்ப்யூட்டர் சாருலதாவுக்கு. அதில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி, வெளியே எடுத்துப் போகிற ஹார்ட் டிஸ்க்கில், ரத்னாவுக்கு.

ஒரு மாதமாகவே இருவருக்கும் பேச்சு இல்லை. இன்றைக்கும் ரத்னா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

'பாதியை ஒளிச்சு வெச்சுடுவேன்னு காவல் காக்கிறா' என்று நினைத்துக்கொண்டாள் சாருலதா.

திரையில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காகிதங்கள் பறந்துகொண்டிருந்தன. அடியில் ஃபைல் பெயர்கள் வருவதும் மறைவதுமாக இருந்தன. ஃபேன் தூக்கக் கலக்கத்தில் சுற்றியது. தெருவில் பூ விற்கிறவளின் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. பார்க்கப் பார்க்க, நேரம் நகர்கிறதா, தான்தான் மிதக்கிறோமா என்று சாருலதாவுக்கே தெரியவில்லை.

ஒரு பெயர் வந்து நின்றது. டாக்டர் ராஜரத்தினம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.

ரத்னாவின் உதடு துடித்தது. "மருந்துண்டு" என்றாள், திரையிடம் சொல்வது போல.

சாருலதா அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். 'விருந்துண்டு மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்' என்பதை 'மருந்துண்டு' என்று அடித்திருந்தது, அச்சுக்குப் போகும் முன் கடைசி நிமிஷத்தில் கண்ணில் பட்டது!

"அடிச்சது நீதான்."

"நீதான் சாரு. அதுவும் டாக்டர் வீட்டுப் பத்திரிகையில!"

சிரித்து ஓய்வதற்குள் அடுத்த பெயர் வந்தது. கரோல் கல்யாணம்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

அதில்தான் மணமகள் கரோல் பெயரே தப்பாகிவிட்டது. அச்சாகியும் விட்டது. பெண்ணின் அப்பா பவுல்சாமி கத்தியபோது, "அது ரத்னா செஞ்ச வேலை சார், எனக்குத் தெரியாது" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் சாருலதா.

படங்கள் நிறைந்த பெரிய ஃபைல் அது. நகரவே மாட்டேன் என்றது. எழுந்து போகவும் முடியாமல், வேறெங்கும் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம தப்புன்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றாள் ரத்னா, மெதுவாக.

சாருலதா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். "சொல்லியிருக்கணும். அவர் கத்தினதும் பயந்துட்டேன் ரத்னா. உன்னை முன்னாடி தள்ளிட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

ரத்னா நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

காகிதங்கள் பறந்துகொண்டே இருந்தன. பிறகு எந்த ஃபைல் வந்தது, எது போனது என்று இருவருமே பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாய்ந்தபோது ரத்னா எழுந்தாள். "அடையாறு கடை ஓனருக்கு நான் இன்னும் சரின்னு சொல்லலை. சொல்லட்டுமா, வேண்டாமா?"

"உதை வாங்குவே!"

ரத்னா சிரித்துக்கொண்டே பஜ்ஜி வாங்கப் படியிறங்கினாள்.

சாருலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "நல்லவேளைப்பா, உனக்கு இதைவிட வேகமா பண்ணத் தெரியலை!"

வலியுல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் தெரியாது? மூடியைக் கழட்டி, டிஸ்க்கை உள்ளாற கோத்தா அரை மணியில முடிஞ்சிடும் மேடம்."

"அப்புறம் ஏன் செய்யலை?"

அவன் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"காலையிலயே ரத்னா மேடம் போன் பண்ணி, 'எப்படிப் பண்ணா ரொம்ப லேட்டாவுமோ, அப்படிப் பண்ணு வலியுல்லா'ன்னு சொல்லிட்டாங்க மேடம்."