ரத்தத் திலகம்
ஆரவல்லி மலைக்கோட்டையின் கதவைப் பெருமரம் கொண்டு இடிக்கிறார்கள். ஒவ்வொரு இடிக்கும் பூசை விளக்கின் சுடர் துள்ளி விழுகிறது. அரசர் விடியலிலேயே களத்தில் மாண்டுவிட்டார். ராணி சஜன் கன்வரின் மடியில் பால்மணம் மாறாத வாரிசு கிடக்கிறான். பீல் பழங்குடிக் கிழவன் ஹக்ரா, அம்பு முனையால் தன் கட்டைவிரலைக் கீறிக்கொள்கிறான். இந்த வம்சத்தின் முதல் அரசனுக்கு அவனுடைய முப்பாட்டன் இப்படித்தான் ரத்தத் திலகம் இட்டான். அது விழாத நெற்றி இங்கே அரச நெற்றி ஆகாது. "சீக்கிரம் ஹக்ரா, பரம்பரையே அத்துப்போயிடும்!" "உங்க மாமனார்கூட என் விரலை இப்படி விரட்டினதில்ல, ராணிம்மா." குழந்தையின் நெற்றியில் சிவப்பு விழுகிறது. அவன் சிரிக்கிறான். கீழே கதவு பிளக்கிறது. "வாரிசு எங்கடா?" என்று ஒரு குரல் படியேறி வருகிறது. ராணி குழந்தையின் பட்டாடையை உருவி எறிந்துவிட்டு, அவனை ஹக்ராவின் கந்தல் போர்வைக்குள் திணிக்கிறாள். "கேட்டா உன் பேரன்னு சொல்லிடு. அந்தத் திலகத்தை அழி. உன் கால்ல விழறேன், அழிச்சிடு!" ஹக்ரா இடக்கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு வலக்கையால் அந்த நெற்றியைத் தேய்க்கிறான். கீறிய விரலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. துடைக்கத் துடைக்கத் திலகம் புதிதாக விழுகிறது.