கிடைநாய்

விளாங்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் சின்னக்கருப்பனின் திறந்த நெஞ்சில் இதயம் துடிக்கிறது. அதன் மேலிருக்கும் எலுமிச்சையளவு புழுக்கட்டியும் விளக்கொளியில் வெள்ளையாய்க் கூடவே ஏறி இறங்குகிறது. அது உடைந்து ஒரு சொட்டு சிந்தினாலும் உயிர் தாங்காது. சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கிவிட்டு டாக்டர் விஸ்வேஸ்வரன் ஊசியை இறக்குகிறார். "யாரும் அசையாதீங்க." நர்ஸ் ஜானு மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். கிடைநாயிடமிருந்து தொற்றிய புழு என்று நேற்று டாக்டர் சொன்னபோது, "அதுக்கு என்னய்யா தெரியும்? வீட்டுல அத அடிச்சுக் கொன்னுர வேணாம்னு சொல்லுங்க" என்று சின்னக்கருப்பன் கெஞ்சினான். காலையில் வராந்தாவில் அவன் மனைவி ராக்கம்மாள், "அத அப்பவே அடிச்சுப் புதைச்சாச்சுய்யா" என்றாள். சிரிஞ்சில் ஊற்றுநீர் போலத் தெளிவாக நீர் ஏறுகிறது, கட்டி சுருங்குகிறது. இதயம் தவறாமல் அடிக்கிறது. கண் விழித்ததும் அவன் முதலில் எதைக் கேட்பான் என்று விஸ்வேஸ்வரனுக்குத் தெரியும்.