கன்னக்குழி

"டேப்பை உரிச்சிருங்க தம்பி. மூணு மணி பஸ்ஸ விட்டா எஸ்டேட்டுக்கு நடந்துதான் போகணும்."

சீதாதேவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளை புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து லயத்திலேயே கண்மூடிய அம்மா, படமாகவாவது முதல் ஆளாக அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

கிருஷாந்த், பலாங்கொடைக் கடைவீதியில் லேசர் மெஷின் வைத்திருப்பவன். அவர் கொடுத்த பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தாள் போன்ற மெல்லிய மரத்தகடுகளை இருநூறு துண்டுகளாக வெட்டியிருந்தான். முகத்துக்கு மஹோகனி, கூந்தலுக்குக் கருங்காலி, மூக்குத்திக்கு எள்ளளவு பலா. எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துப் பலகையில் ஒட்டியாயிற்று.

மெல்ல உரித்தான். நெற்றி வந்தது. கண்கள் வந்தன. பிறகு அந்தச் சிரிப்பு! விரலால் தடவினான், ஓர் இணைப்புகூடத் தட்டுப்படவில்லை. நான் செய்ததா இது என்று அவனுக்கே மெய்சிலிர்த்தது. உயிருள்ள ஒருத்தி மரத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீதாதேவி கைகூப்பினார்.

எதற்கோ போட்டோவைப் பார்த்த கிருஷாந்துக்குப் பகீரென்றது. போட்டோவில் குழி இடது கன்னத்தில். பலகையிலோ வலது கன்னத்தில்!

லேசரின் புகைக்கறை முகத்தில் படக்கூடாதென்று தகட்டைக் கவிழ்த்துப் போட்டுத்தான் வெட்டுவார்கள். அதற்குமுன் படத்தையும் இடம் வலமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"மன்னிச்சிருங்கம்மா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். குழி பக்கம் மாறிப்போச்சு. திரும்பச் செய்யக் கருங்காலியும் இல்ல."

"மாறலையே தம்பி! எங்கம்மாவுக்கு வலது பக்கந்தான் குழி விழும்."

"போட்டோல இடது பக்கந்தானேங்க இருக்கு?"

"எங்கம்மாவ யாரு போட்டோ புடிச்சா? பிரஜாவுரிமையே இல்லாம செத்தவங்க. ஐடென்டி கார்டுக்குன்னுகூட ஒரு படம் எடுக்கல. மக அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கா, குழி மட்டுந்தான் பக்கம் மாறிப்போச்சுன்னு லயத்துல எல்லாரும் சொல்லுவாங்க."

கண்களைத் துடைத்துக்கொண்ட சீதாதேவி, கடைக்குள் வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். இடது கன்னத்தில் குழி விழுந்தது.